சொந்த வார்த்தைகளில் ஒரு பக்கம்

அம்மா அந்த அறைக்குள் வந்து நாற்காலியில் உட்காரவில்லை. செருப்பை வராந்தாவிலேயே விட்டுவிட்டு, இடுப்பில் என் மகள் கயல்விழியோடு சுவரை ஒட்டி நின்றாள்.

"உட்காருங்கம்மா" என்றார் கல்லூரி முதல்வர்.

"இருக்கட்டுங்க. நான் உட்கார்ந்தா புள்ள அழும்."

அப்படியெல்லாம் அழுகிற குழந்தை இல்லை கயல்.

மேஜைமேல் நான் எழுதிய கட்டுரை இருந்தது. மின்விசிறிக் காற்றில் பறக்காமலிருக்க அதன்மேல் ஒரு கண்ணாடிக் குண்டை வைத்திருந்தார்கள். காலையிலிருந்து பால் கொடுக்காததால் எனக்கு மார்பு கனத்து ரவிக்கை நனைய ஆரம்பித்திருந்தது. முந்தானையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தேன். அம்மாவை எதற்கு உள்ளே கூப்பிட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்க மட்டும்தான். கேட்டுவிட்டு அனுப்பிவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன்.

இந்தப் பத்திரிகைத் தொடரில் இந்த வாரத்தை எப்படித் தாண்டுவது என்று பல நாள் யோசித்தேன். போன வாரம் கல்யாணத்தோடு நிறுத்தினேன். அடுத்ததாக வரவேண்டியது இதுதான். இதை விட்டுவிட்டு நேராகக் கயலின் முதல் பிறந்தநாளுக்குப் போய்விடலாமா என்றுகூடப் பார்த்தேன். அம்மா போன தை மாதம் எங்களை விட்டுப் போய்விட்டாள். குத்தகை நிலத்தையும் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. இனி இதை எழுதுவதால் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. இருந்தாலும் எழுதும்போது மனசு ஒருமுறை கதவுப் பக்கம் பார்க்கச் சொல்கிறது.

கனிந்தேன், கரைவேன்

தஞ்சாவூரில் பெண்களுக்கான ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றுக்கு விண்ணப்பம் கேட்டு விளம்பரம் வந்திருப்பதாகச் சொன்னது என் கணவர். கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. சாயங்காலமானால் கட்சி மேடை. வலங்கைமானைச் சுற்றி எந்த ஊரில் கூட்டம் நடந்தாலும், பெரிய பேச்சாளர் வந்து சேரும்வரை ஜனங்களை உட்காரவைக்கிற பொறுப்பு அவருடையது. நான் பி.யூ.சி. முடித்தவள். மேலே படிக்கவேண்டும் என்று என்னைவிட அவருக்குத்தான் அதிக ஆசை.

விண்ணப்பத்தோடு ஒரு கட்டுரையும் அனுப்பவேண்டும். 'நான் ஏன் ஆசிரியர் ஆக விரும்புகிறேன்: தம் கையெழுத்தில், தம் சொந்த வார்த்தைகளில், ஒரு பக்கம்.'

ஒரு பக்கம்தானே என்று சுலபமாக நினைத்தேன். கயல் மத்தியானம் தூங்குகிற நேரத்தில் உட்கார்ந்து எழுதினேன். ஏணி வந்தது. கலங்கரை விளக்கம் வந்தது. நான் மெழுகுவத்தியாக உருகி மாணவச் செல்வங்களுக்கு ஒளி கொடுத்தேன். எங்கள் வீட்டுக்கு வந்திருந்த அம்மாவுக்கு அதைப் படித்துக் காட்டினேன்.

"நீ ஏன்டி உருகணும்?" என்றாள் அம்மா. "ஊருக்குத்தான் கரண்ட் வந்துடுச்சே."

கணவர் தானே சொல்லித் தருவதாக எழுந்தார். அவருக்கு உட்கார்ந்து எழுத வராது. கூடத்தில் நடந்துகொண்டே சொன்னார்.

"எழுதிக்க. கழனியில் பிறந்தேன், கல்வியில் கனிந்தேன், கடமையில் கரைவேன்."

"இதுல நான் எங்கங்க இருக்கேன்?"

"எல்லா வரியிலயும் நீதானே இருக்கே? பொறந்தது நீ, கனிஞ்சது நீ, கரையப்போறதும் நீ."

"நான் உருகவும் வேணாம், கரையவும் வேணாம்" என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. இந்த மாதிரி ஒரு வரிக்குப் பாபநாசத்தில் எவ்வளவு நேரம் கைதட்டினார்கள் தெரியுமா என்றார். தட்டியிருப்பார்கள். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகையிலிருந்து கருமாதிப் பத்திரிகை வரைக்கும் அப்படித்தான் எழுதினோம். என் மகளுக்குக் கயல்விழி என்று பெயர் வந்ததும் அந்தக் காற்றில்தான். குறை சொல்லவில்லை. அந்தத் தமிழ் எங்களுக்கு நிமிர்ந்து நிற்கக் கற்றுக்கொடுத்தது. ஆனால் அந்தக் காகிதம் கேட்டது அதையல்ல. ஏன் ஆசிரியர் ஆகவேண்டும் என்றுதான் கேட்டது. எனக்கு அதற்கு ஒரே பதில்தான் இருந்தது. அந்தப் பதில் எங்கள் வீட்டில் எழுதக்கூடாத ஒன்று.

வரப்பு ஏன் சுற்றவில்லை

என் அண்ணன் தங்கராசு எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். அப்பாவுக்கு முதுகு போனபிறகு நிலத்தை அவன்தான் பார்த்தான். நிலம் எங்களுடையதல்ல. பண்ணை வீட்டு நிலம். தாத்தா காலத்திலிருந்து நாங்கள் குத்தகைக்குச் சாகுபடி செய்துவந்தோம்.

முறைத் தண்ணீர் வருகிற நாளில் அண்ணன் வாய்க்கால் தலைப்பில் காவல் இருப்பான். பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேராக அங்கே போய் வரப்பில் உட்கார்ந்து அன்றைய பாடத்தை உரக்கப் படிப்பேன். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்பான். சும்மா கேட்கமாட்டான்.

"பூமி சுத்துதுங்கிறியே, அப்ப இந்த வரப்பு மட்டும் ஏன் இங்கயே கெடக்கு?"

மறுநாள் வாத்தியாரிடம் கேட்டுக்கொண்டு வந்து, ஈர மண்ணை உருட்டி, அதில் ஒரு வைக்கோலைக் குத்திவைத்து, சுற்றிக் காட்டினேன். அண்ணன் வெகுநேரம் அந்த உருண்டையைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"அடேயப்பா" என்றான். "அப்ப நாமளும் சேர்ந்துல்ல சுத்துறோம்."

அந்த முகத்தைப் பார்த்தபிறகுதான் எனக்கு இந்த ஆசை வந்தது. இன்னொரு முகம் அப்படி ஆவதைப் பார்க்கவேண்டும். இதைத்தான் எழுதவேண்டும் என்று உட்கார்ந்தேன். எழுதவும் செய்தேன். அந்த இடம்வரை பேனா வாய்க்கால் தண்ணீர் மாதிரி தானாகப் போனது. அதற்குமேல் போகவில்லை. படிக்கிறவர்கள் அண்ணன் இப்போது என்ன செய்கிறான் என்று கேட்பார்களே?

வண்டி

குத்தகைக்காரர்களின் பெயரைத் தாலுகாவில் பதிவு செய்வார்கள் என்று சட்டம் வந்த சமயம் அது. பதிவாகிவிட்டால் நிலத்தை விட்டுக் கிளப்ப முடியாது. அதனால் அந்த அறுவடைக்கு, குத்தகையென்று எதுவும் கிடையாது, தாங்களே சொந்தமாகச் சாகுபடி செய்வதாகக் காட்ட, பல பண்ணைகள் வெளியூர் ஆட்களை இறக்கின. எங்கள் வயலுக்கும் வந்தார்கள். அண்ணன் நட்ட சம்பாவை அறுக்க வந்தார்கள்.

அண்ணன் அரிவாளை வரப்பில் வைத்துவிட்டு, வெறுங்கையோடு வயலுக்குள் இறங்கி நின்றான். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்துகொண்டிருந்தேன். தடிகள் உயர்ந்ததைத் தூரத்திலிருந்தே பார்த்தேன். சத்தம் தாமதமாகத்தான் கேட்டது.

பக்கத்து வீட்டு வண்டியைப் பூட்டி அப்பா ஓட்டினார். நான் அண்ணன் தலைமாட்டில் உட்கார்ந்தேன். அவனுக்கு வைக்கத் தலையணை எதுவும் இல்லை. என் புத்தகப் பையைத்தான் வைத்தேன். கும்பகோணம் ஆஸ்பத்திரி வரை போகவேண்டியிருக்கவில்லை. குடமுருட்டிப் பாலம் தாண்டும்வரை முனகிக்கொண்டிருந்தான். அதன்பிறகு வண்டிச் சக்கரத்தின் சத்தம் மட்டும்தான் இருந்தது.

அம்மா அன்று ஊரிலில்லை. திருப்பனந்தாளில் சித்தி மகளுக்கு வளைகாப்பு. ஆள் போய்ச் சொல்லி மறுநாள் வந்து சேர்ந்தபோது, அண்ணனைக் குளிப்பாட்டித் தலையில் துண்டைக் கட்டிப் படுக்கவைத்திருந்தார்கள்.

பெரியவர்கள் உட்கார்ந்து பேசினார்கள். பையன் போனது போய்விட்டது, குடும்பம் பிழைக்கவேண்டும் என்றார்கள். குத்தகை அப்பா பெயரில் பதிவாகும், பண்ணை ஆட்சேபிக்காது. அதற்குப் பதிலாக நாங்கள் சொல்லவேண்டியது ஒரே ஒரு வரி. பையன் வண்டியிலிருந்து தவறி விழுந்து இறந்தான்.

அண்ணன் அன்று வண்டியில் ஏறியதே அடிபட்ட பிறகுதான்.

அப்பா தலையாட்டினார். அதன்பிறகு அவர் அதிக நாள் இருக்கவில்லை. அந்த நிலத்தில் அம்மாதான் நின்று நாற்று விட்டாள், நட்டாள், அறுத்தாள். என்னைப் படிக்கவைத்ததும் கட்டிக்கொடுத்ததும் அந்த நெல்தான். அண்ணனைப் பற்றி யார் கேட்டாலும், "வண்டியிலேர்ந்து விழுந்துட்டான்" என்பாள். என்னிடம் அவள் எதுவுமே கேட்டதில்லை. நான் அந்த வண்டியில் இருந்தேன் என்று தெரிந்தும் கேட்டதில்லை.

நிலத்தை உழுவது யார்

நான் அண்ணனைப் பற்றி எழுதுகிறேன் என்று அம்மாவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. முறத்தில் உளுந்தைப் புடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"ராசுவ எழுதுறதா இருந்தா வண்டின்னு எழுது."

"எழுதறது தஞ்சாவூர் காலேஜுக்கும்மா. அதுக்கும் பண்ணைக்கும் என்ன இருக்கு?"

"காயிதம் எங்க சுத்தி எங்க வரும்னு யாரு கண்டா? உங்க அப்பாரு ஊருக்கு முன்னாடி சொன்ன வார்த்த. நான் கண்ண மூடுற வரைக்கும் அதான்."

"அது பொய்யில்லையாம்மா?"

"நிலத்த உழுறது நானா நீயா?"

"நீதான்."

"அப்ப நான் சொல்றதக் கேளு."

கேட்கத்தான் நினைத்தேன். 'வண்டியிலிருந்து தவறி விழுந்து' என்று எழுதிப் பார்த்தேன். எழுதி முடித்துப் படித்தால், அதற்கு மேலே இருந்த மண் உருண்டையும் வைக்கோலும்கூடப் பொய் மாதிரி ஆகிவிட்டன. சரி, இறந்ததையே சொல்லவேண்டாம் என்று அந்த வரியை விட்டுப் பார்த்தேன். அப்போது அண்ணன் இன்னும் எங்கோ வரப்பில் நின்றுகொண்டு அடுத்த பாடத்துக்குக் காத்திருப்பது போல இருந்தது. என்னால் அதைத் தாங்க முடியவில்லை.

கடைசியில் எழுதினேன். 'எங்கள் வயலில் நின்றதற்காக என் அண்ணனை அடித்தார்கள். என் புத்தகப் பையில் தலை வைத்து இறந்தான். அந்தப் பையோடுதான் நான் மறுபடி பள்ளிக்கூடம் போனேன்.' ஊர்ப் பெயரையும் பண்ணையின் பெயரையும் போடவில்லை. அதுவே போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போதுமா என்று தபால்பெட்டி வரை யோசித்தேன்.

அனுப்புவதற்கு முன்னால் கணவர் அதைப் படித்தார்.

"இதுல எதுகையும் இல்ல, மோனையும் இல்ல" என்றார். பிறகு காகிதத்தை மடித்துக் கொடுத்து, "இருக்கட்டும்" என்றார்.

அம்மாவிடம் நான் என்ன எழுதினேன் என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. சொன்னபடி எழுதியிருப்பேன் என்று நம்பினாள். அதுவரை அவள் சொல்லை நான் தட்டியதே இல்லை.

பூவரச மரத்தில் தூளி

நேர்முகத்துக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. கணவருக்குச் சங்கத்தில் தணிக்கை. அம்மா துணைக்கு வந்தாள்.

மேஜைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர். ஒருவர் முதல்வர், தும்பைப்பூப் போல நரைத்த தலை, தாழ்ந்த குரல். இன்னொருவர் கல்லூரிக் கமிட்டியைச் சேர்ந்த வயதானவர், விபூதியும் தங்கக் கடிகாரமுமாக இருந்தார். என்னிடம் கேட்டதற்கெல்லாம் ஓரளவு பதில் சொல்லிவிட்டேன். பிறகுதான் குழந்தைப் பேச்சு வந்தது. அம்மாவைக் கூப்பிட்டார்கள்.

"நீங்க இவங்களோடதான் இருக்கீங்களா?" என்றார் முதல்வர்.

"பக்கத்து ஊருங்க. இவ படிக்க வந்தா புள்ள என்கிட்டதாங்க. நடவுக்குப் போனாலும் தூளி கட்டிப் போட்டுப் பாத்துக்குவேன்."

"வயக்காட்டுல தூளியா?" என்று சிரித்தார் கமிட்டிக்காரர். "எதுலம்மா கட்டுவே?"

"பூவரச மரத்துலங்க. இவளையும் அதுலதாங்க போட்டு வளத்தேன்."

முதல்வருக்கு அம்மாவைப் பிடித்துவிட்டது. அது முகத்தில் தெரிந்தது. இடம் கிடைத்துவிடும் என்று அந்த நிமிஷம் நம்பினேன். அவர் கட்டுரையைத் தொட்டார். பாவம், ஆறுதல் சொல்லத்தான் நினைத்தார்.

"உங்க பையனைப் பத்திப் படிச்சேன்மா. மனசு ரொம்ப சங்கடமாப் போச்சு."

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு கயலை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஆமாங்க. வண்டியிலேர்ந்து விழுந்துட்டான்."

அதோடு நிறுத்தியிருந்தால் நான் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அவள் நிறுத்தவில்லை. இத்தனை வருஷம் ஒரே வரியாகச் சொன்னவள், அன்றைக்கு முழுவதும் சொன்னாள்.

"பொங்கலுக்குக் கரும்பு ஏத்திக்கிட்டு வந்தோங்க. கரும்புக் கட்டுமேல ராசா மாதிரி நின்னுக்கிட்டு வந்தான். எறங்குடான்னா கேக்கல. செவலமாடு எதையோ கண்டு மெரண்டுடுச்சு. விழுந்துட்டான். அடி ஒண்ணும் பெருசாத் தெரியலீங்க. சிரிச்சுக்கிட்டேதான் கெடந்தான். ‘ஒண்ணுமில்லம்மா, நீ பயப்படாத’ன்னு என்கிட்டதான் சொன்னான். என் மடியில தல வச்சுக்கிட்டு, தூங்குற மாதிரியே போயிட்டான். வலியே இல்லீங்க."

அம்மா அழவில்லை. அவள் குரலில் ஒரு பெருமைகூட இருந்தது.

எங்களிடம் கரும்பு கிடையாது. செவலை மாடும் கிடையாது. அம்மா அன்று திருப்பனந்தாளில் இருந்தாள். ஆனால் அவள் சொல்லச்சொல்ல எனக்கே அந்த வண்டி தெரிந்தது. அறுவடைகளுக்கு நடுவில், தனியாகக் களை பறித்த மத்தியானங்களில், அவள் அந்த வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்திருக்கிறாள். மாட்டுக்கு நிறம் கொடுத்திருக்கிறாள். கடைசியில் தானும் ஏறி உட்கார்ந்துகொண்டு, மகனின் தலையை மடியில் வாங்கிக்கொண்டிருக்கிறாள்.

கமிட்டிக்காரர் கட்டுரையை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். முதல்வர் என்னைப் பார்த்தார்.

"இதுல வேற மாதிரில்ல எழுதியிருக்கு?" என்றார் கமிட்டிக்காரர். "அம்மா ஒண்ணு சொல்றாங்க, நீ ஒண்ணு எழுதியிருக்கே. எது நெசம்?"

"என்ன எழுதியிருக்கு?" என்று அம்மா கேட்டாள். என்னிடம் கேட்கவில்லை. பொதுவாக, அறையைப் பார்த்துக் கேட்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

அவர் படித்துக் காட்ட வாயெடுத்தார். நான் எழுந்துவிட்டேன்.

"அம்மா சொல்றதுதாங்க சரி."

"அப்ப இது?"

"கட்டுரை நல்லா இருக்கட்டுமேன்னு... நானா எழுதிட்டேங்க."

முதல்வர் எதையோ சொல்ல வந்து, நிறுத்திக்கொண்டார். அவருக்குப் புரிந்திருக்கும் என்று சில நாள் நினைக்கிறேன். புரியவில்லை என்று சில நாள் நினைக்கிறேன். கமிட்டிக்காரர் காகிதத்தை மேஜையில் வைத்தார்.

"பாத்தீங்களா? மேடையில பேசிப் பேசி, இப்ப வீட்டுச் சாவுக்கும் வசனம் எழுத ஆரம்பிச்சுட்டாங்க. சொந்த வார்த்தையில ஒரு பக்கம் கேட்டோம். அதுக்கே இந்தக் கதின்னா, இந்தப் பொண்ணு புள்ளைங்களுக்கு என்னத்தச் சொல்லிக்குடுக்கும்?"

கணவர் நடந்துகொண்டே சொன்ன வரியை அனுப்பியிருந்தால் யாரும் ஒரு கேள்வியும் கேட்டிருக்கமாட்டார்கள்.

திரும்பும் பஸ்

இடம் கிடைக்கவில்லை. ஆவணி முடிவதற்குள் அச்சடித்த அட்டை வந்தது. கமிட்டியில் மிராசுகள் உட்கார்ந்திருந்தால் இப்படித்தான் ஆகும் என்று கணவர் அடுத்த கூட்டத்தில் பேசினார். அம்மாதான் பல நாள் புலம்பினாள். உட்காரச் சொன்னபோது உட்காராமல் நின்றது மரியாதைக் குறைவாகப் போய்விட்டதோ என்பாள். இல்லை, இல்லை என்பேன் நான்.

என் வரியை நானே பொய்யென்று சொன்னது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கயல் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். மாமா எப்படி இறந்தார் என்று ஒருநாள் கேட்பாள். அதற்குள் முடிவு செய்துவிடவேண்டும் என்று நினைக்கிறேன். ஆனால் அம்மாவின் எதிரில் அந்தக் கட்டுரையைப் படிக்கவிட்டிருக்கலாமோ என்று மட்டும் ஒருநாளும் தோன்றியதில்லை.

அன்று தஞ்சாவூரிலிருந்து பஸ் ஏறினோம். கயல் பால் குடித்துவிட்டுத் தூங்கினாள். பஸ் அய்யம்பேட்டையைத் தாண்டியது. இரண்டு பக்கமும் குறுவை கதிர் வாங்கி நின்றது. பச்சை நெல் வாசனை சன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. அம்மா சன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்.

"நீ அவன் பக்கத்துலதானே இருந்தே?"

இத்தனை வருஷத்தில் அவள் அதைக் கேட்டது அப்போதுதான்.

"ஆமாம்மா."

"சிரிச்சான்ல?"

பஸ் ஒரு பாலத்தின்மேல் ஏறி இறங்கியது. நான் கயலின் தலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

"சிரிச்சாம்மா."

அம்மா தலையாட்டிக்கொண்டாள். பிறகு முந்தானையால் மடியைத் துடைத்துவிட்டுக் கையை நீட்டினாள்.

"புள்ளைய என்கிட்ட குடு. நீ செத்தநேரம் தூங்கு."